அம்மாவின் டயப்பர் செலவு யார் பொறுப்பு?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். 74 வயதான அம்மாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சரியாக வருவதில்லை. அண்ணன் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டதால் தர்மபுரி அருகே ஓர் அறக்கட்டளை நடத்தும் இலவச முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். சாப்பாடு, மாத்திரை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அம்மாவால் சிறுநீரை அடக்க முடியவில்லை. டயப்பர் மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். ஒன்று 35 ரூபாய். நாளுக்கு மூன்று என்றால் மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் போகிறது. அம்மாவுக்கு வரும் முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய். அதனால் இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் போனபோது தொடை இடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. அரசாங்கம் இதற்கு ஏதாவது தருமா? சிறுநீருக்கு டியூப் போட்டுவிட்டால் செலவு மிச்சம் என்று ஒருவர் சொன்னார். போடலாமா?

– ஓசூரிலிருந்து ஒரு மகள்

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் கேட்டது பணத்தைப் பற்றி. ஆனாலும் நான் புண்ணிலிருந்துதான் தொடங்குகிறேன். அது காத்திருக்காது.

நாளுக்கு ஒரு டயப்பர் போதாது. முப்பது வருடம் அரசு மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்த்த செவிலியராகச் சொல்கிறேன், ஈரத்தில் ஊறிய தோல் இரண்டு மூன்று நாளிலேயே உரியத் தொடங்கிவிடும். பக்கவாதம் வந்தவர் புரண்டு படுக்க முடியாமல் ஒரே பக்கமாகக் கிடந்தால் அந்த இடமே படுக்கைப் புண் ஆகும். அந்தப் புண் ஆழமாகிவிட்டால் அதற்கு ஆகும் செலவுக்கு முன்னால் டயப்பர் செலவு ஒன்றுமே இல்லை. அதனால் இன்றே இல்லத்துக்குப் போன் செய்து, தோல் ஆறும்வரை பகலில் டயப்பரே வேண்டாம் என்று சொல்லுங்கள். ரப்பர் ஷீட் விரித்து, அதன்மேல் பழைய நூல் சேலையை நாலாக மடித்துப் போடட்டும். நனைந்ததும் மாற்றட்டும். தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, காற்றாட விட்டு, துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு பூசட்டும். பவுடர் போடவே கூடாது. ஈரத்தில் அது கட்டிகட்டியாகி இன்னும் அறுக்கும். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும் என்று அங்கே வேலை செய்யும் அம்மாவிடம் நீங்களே சொல்லிக் காட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் சிவப்பு குறையாவிட்டாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஒன்று போடுங்கள் என்று சொன்னதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். 1,200 ரூபாய்க்கு 35 ரூபாய் டயப்பர் 34 வரும். நாளுக்கு மூன்று என்றால் பதினோரு நாள். மீதிப் பத்தொன்பது நாளை உங்கள் சம்பளத்திலிருந்து எப்படி நிரப்புவது என்று கணக்குப் போட்டுப் பார்த்து முடியாமல்தானே அப்படிச் சொன்னீர்கள்.

அடுத்தது டியூப். செலவு மிச்சம் என்பதற்காக மட்டும் டியூப் போடவே கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டவர்களுக்கும், இடுப்பில் ஆழமான புண் இருந்து அதன்மேல் சிறுநீர் படக் கூடாது என்பவர்களுக்கும், இன்னும் சில காரணங்களுக்கும் டாக்டர் சொல்லிப் போடுவது வேறு. ஆட்கள் குறைவான ஓர் இல்லத்தில் மாதக்கணக்கில் டியூபும் யூரின் பையும் தொங்கவிட்டால் கிருமி ஏறும். காய்ச்சல் வரும், பிதற்றல் வரும், ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டி வரும். வயதானவர் தூக்கக் கலக்கத்தில் டியூபை இழுத்து ரத்தம் வந்ததை நான் எத்தனையோ இரவுகளில் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை இப்போது நான் கேட்கிறேன். அம்மாவுக்கு ஏன் சிறுநீர் அடங்கவில்லை என்று யாராவது பார்த்தார்களா? ‘வயசாயிடுச்சு, ஸ்ட்ரோக் வேற’ என்று சொல்லி டயப்பரைக் கட்டிவிடுவதுதான் எங்கும் நடக்கிறது. வயதானால் சிறுநீர் தானாகப் போகும் என்பது சரியான பேச்சில்லை. சிறுநீர்ப் பாதையில் கிருமி இருந்தால் போகும். மலம் இறுகி அடைத்திருந்தால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் போகும். கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தால் போகும். பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ கொடுக்கும் நீர் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தால் இரவெல்லாம் போகும். இவற்றில் பலதும் சரி செய்யக்கூடியவை. பக்கவாதத்தால் வந்த அவசரமும் சில மாதங்களில் ஓரளவு குறையலாம். சிலருக்கு நரம்பே பாதிக்கப்பட்டு நிரந்தரமாக டயப்பர் தேவைப்படும், அதையும் மறைக்கவில்லை. எது உங்கள் அம்மா என்று தெரியாமல் மூன்றா, நான்கா என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

நீங்கள் பென்னாகரம் பக்கம் என்று எழுதியதால் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டின் அளவுகோல். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது தொடங்குவதற்கு முன்பே உங்கள் அம்மா அறுபதை எட்டியிருப்பார். அதுவரை குடித்தது போர் தண்ணீர் என்றால், பல்லில் பழுப்புக் கறையோடு முடிந்திருக்காது. முதுகும் இடுப்பும் முழங்காலும் விறைத்துப்போகும். உட்கார்ந்து எழ நேரமாகும். அவசரமாக வரும்போது கழிப்பறை வரை போய்ச் சேர முடியாது. முற்றிப்போனால் முதுகெலும்பு தடித்து உள்ளே இருக்கும் நரம்பை அழுத்தி, சிறுநீர் கட்டுப்பாட்டையே கெடுக்கும். பக்கவாதத்துக்கு முன்பே அம்மா குனிய, நிமிர, கழுத்தைத் திருப்ப கஷ்டப்பட்டாரா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து வந்த இளம் டாக்டருக்கு அது சட்டென்று தோன்றாமல் போகலாம்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு முறை அழைத்துப் போய்விடுங்கள். சிறுநீர் சோதனை, சர்க்கரை, சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கும் ஸ்கேன், இவ்வளவும் அங்கேயே பார்த்துவிடலாம். போவதற்கு முன் இல்லத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்து, மூன்று நாள் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்கு நனைந்திருந்தது, எப்போது மலம் போனார். அந்த மூன்று நாள் பக்கங்கள் டாக்டருக்கு உங்கள் வாய்வார்த்தையை விட அதிகம் சொல்லும்.

அந்த நோட்டைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும். காலை எழுந்ததும், காபி குடித்த அரை மணி கழித்து, சாப்பிட்ட பிறகு என்று. அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே உட்கார வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ‘பாட்டி, ஒண்ணுக்குப் போலாமா?’ என்று ஒருவர் கேட்டாலே போதும். இதற்கு ஒரு கமோடு நாற்காலி வேண்டும். வலது கால் வராதவரை இந்தியக் கழிப்பறைக்குத் தூக்கிப் போவது யாராலும் முடியாத காரியம். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி இருந்தால் இடது கையை ஊன்றி, ஓர் ஆள் துணையோடு மாறி உட்கார்ந்துவிடலாம். பகலில் கமோடு நாற்காலியும் துணியும், இரவில் மட்டும் நல்ல டயப்பர் ஒன்று, விடியற்காலை மாற்ற இன்னொன்று. பல முதியவர்களுக்கு மூன்றிலிருந்து ஒன்றரை, இரண்டுக்கு இப்படி இறக்கியிருக்கிறோம். ஒன்று மட்டும் பாருங்கள்: நனையக் கூடாது என்று தண்ணீரைக் குறைத்துவிடப் போகிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சலும் அவசரமும் கூடும், மலமும் இறுகும். நம் பக்கத்துப் பெரியவர்கள் கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. இல்லத்துக்கு வந்ததும் மூன்று வேளையும் வெள்ளை அரிசி என்று மாறும்போது மலச்சிக்கல் வந்துவிடுகிறது. வாரம் இரண்டு நாள் களியோ கேழ்வரகுக் கூழோ கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். விழுங்குவதில் சிரமம் இருந்தால் கூழ், கஞ்சி, தண்ணீர் எதுவானாலும் டாக்டரிடம் கேட்ட பிறகே.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. அரசாங்கம் தருமா?

நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். முதியோர் இல்லத்தில் இருப்பவருக்கு மாதாமாதம் இத்தனை டயப்பர் என்று உரிமையாகப் போய்க் கேட்டு வாங்கும்படி ஒரு திட்டத்தை இத்தனை வருட வேலையில் நான் பார்க்கவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபரில் விரிவாக்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் அப்படித்தான். தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தாலும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பணம் கிடைக்காத பொருள்கள் என்று வைத்திருக்கும் பட்டியலில் ‘எந்த வகை டயப்பரும்’ என்றே இருக்கிறது. பஞ்சு, சோப்பு, சீப்பு மாதிரி இதையும் சொந்த உபயோகப் பொருளாக நினைத்துவிட்டார்கள். பக்கவாதம் வந்தவருக்கு டயப்பர் என்பது கை உடைந்தவருக்கு மாவுக்கட்டு மாதிரி. நோய் கொண்டுவந்த தேவை அது. இதை எந்த அதிகாரி முன்னாலும் நான் சொல்லத் தயார்.

வரியில் மட்டும் ஒரு படி நகர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. நீங்கள் வாங்கும் பாக்கெட்டில் அந்தக் குறைவு தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலையிலேயே வரியை முழுதாக எடுத்துவிட்டார்கள். இதற்கும் எடுக்கலாம்.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தால், இங்கிலாந்தில் செவிலியர் ஒருவர் நேரில் வந்து மதிப்பிட்டு, தேவை என்று எழுதினால், பராமரிப்பு இல்லத்தில் இருப்பவருக்கும் அரசு மருத்துவச் சேவையே பேட் கொடுக்கிறது. சில பகுதிகளில் நாளுக்கு இத்தனைதான் என்று வரம்பு வைப்பதாக அங்கேயும் புகார் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2010 முதல் வீட்டில் இருப்பவர்களுக்கு இதற்கென்றே வருடாந்தரப் பணம் தருகிறார்கள். அரசு மானியம் பெறும் முதியோர் இல்லத்தில் இருப்பவருக்கு அந்தப் பணம் கிடையாது, ஏனென்றால் அந்த மானியத்துக்குள்ளேயே இல்லம் டயப்பர் கொடுத்தாக வேண்டும். ஜப்பானிலும் அரசின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் இயங்கும் முதியோர் இல்லங்களில் டயப்பருக்குத் தனியாகக் காசு கேட்பதில்லை. எல்லா இடத்திலும் முதலில் ‘இது யார் பொறுப்பு’ என்பதைத் தீர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் இல்லம் குடும்பத்தைக் கை காட்டுகிறது, குடும்பம் இல்லத்தைப் பார்க்கிறது, நடுவில் உங்கள் அம்மா நனைந்து கிடக்கிறார்.

நம் அரசால் முடியாத காரியமா இது? 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தினமும் செலவாகி, தினமும் புதிதாக வேண்டியிருக்கும் பொருள் அது. கிராமத்து வளரிளம் பெண்களுக்கும் சிறையில் இருக்கும் பெண்களுக்கும் பத்து வருடத்துக்கும் மேலாக நம் மாநில அரசு இலவச நாப்கின் கொடுத்து வருகிறது. சிறையில் இருக்கும் பெண்ணுக்கு இந்த மரியாதை வேண்டும் என்று யோசித்த அரசு, இல்லத்தில் இருக்கும் பாட்டிக்கும் யோசிக்க வேண்டும். கேட்டு எழுதிய மனுக்கள் குவிந்தால்தான் அது நடக்கும். அதனால் உங்களுடையதும் ஒன்று போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதுவரை, இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்வோம்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி தணிப்பு, ஆதரவுச் சிகிச்சை செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். இல்லம் இருக்கும் வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், இந்த முகவரியில் பக்கவாத நோயாளி இருக்கிறார், வந்து பாருங்கள் என்று எழுதிக் கொடுங்கள். முதியோர் இல்லம் என்பதும் அந்த வட்டாரத்துக்குள் இருக்கும் ஒரு வீடுதான். புண்ணுக்கு மருந்து, எப்படிப் புரட்டுவது என்ற பயிற்சி, காலுக்கும் கைக்கும் உடற்பயிற்சி இதெல்லாம் இந்த வழியில் வரலாம். அம்மா எழுந்து உட்கார ஆரம்பித்தால் டயப்பர் தானாகக் குறையும்.

கமோடு நாற்காலிக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற திட்டம் இருக்கிறது. அறுபது வயது தாண்டி, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கும் சக்கர நாற்காலி, கமோடு வைத்த சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி போன்றவை இலவசம். அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் மாவட்டங்களில் முகாம் போட்டு அளவெடுத்துக் கொடுக்கும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அடுத்த முகாம் எப்போது என்று கேட்டு, ஆதாரும் வருமானச் சான்றும் தயாராக வைத்திருங்கள். டயப்பர் அந்தப் பட்டியலில் இல்லை. முகாமுக்குக் காத்திருக்க முடியாவிட்டால், சாதாரண மடக்கு நாற்காலி ஒரு மாத டயப்பர் பணத்துக்குள்ளேயே கிடைத்துவிடும். முதல் செலவாக அதையே செய்யுங்கள்.

அப்புறம் பென்ஷன். ஒரு பக்கம் செயலிழந்த நிலையில் அம்மாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பாதிப்பின் விழுக்காட்டைக் குறித்துக் கொடுக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்று வந்தால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். இப்போது வரும் 1,200க்கும் அதற்கும் 800 ரூபாய் வித்தியாசம், கிட்டத்தட்ட இருபத்து மூன்று டயப்பர். இதற்கு மாறுவது சரிவருமா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, புதியதற்கு ஆணை கையில் வரும்வரை பழையதை நிறுத்த விடாதீர்கள்.

அண்ணனைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று எழுதவில்லை, நானும் குடும்பத்துக்குள் நுழைய விரும்பவில்லை. ஆனால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பராமரிப்பு என்றால் சாப்பாடு, துணி, இருப்பிடத்தோடு மருத்துவக் கவனிப்பும் சிகிச்சையும் சேர்த்தே என்று அதிலேயே இருக்கிறது. டயப்பரை அதற்குள் கேட்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். டாக்டர் எழுதிய தாள் ஒன்று கையில் இருக்கட்டும். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம். அம்மா வசிக்கும் மாவட்டத்திலோ பிள்ளைகள் வசிக்கும் மாவட்டத்திலோ கொடுக்கலாம். அம்மாவால் முடியாவிட்டால் அவர் அனுமதியோடு வேறொருவரோ ஓர் அமைப்போ கொடுக்கலாம், அதாவது இல்லமே கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை தீர்ப்பாயம் விதிக்க முடியும். நோட்டீஸ் போன தேதியிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி, முடியாதபோது இன்னும் 30 நாள். மகன், மகள் இருவருக்கும் இந்தக் கடமை பொது. ஆகவே உங்கள் பங்கையும் அங்கே கேட்பார்கள். நீங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பதற்கு ரசீது வைத்திருங்கள்.

மனு கொடுப்பதற்கு முன், ஊரில் அண்ணன் மதிக்கும் பெரியவர் ஒருவரை வைத்து ஒருமுறை பேசிப் பாருங்கள். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். ‘அம்மாவைப் பார்த்துக்கோ’ என்று சொன்னால் தட்டிக் கழிப்பவர்கள்கூட, ‘மாதம் இவ்வளவு நீ, இவ்வளவு நான்’ என்று எண் முன்னால் வந்தால் ஒத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பாயத்திலும் முதலில் சமரசம்தான் பேசுவார்கள்.

இல்லத்தின் மேல் கோபப்படாதீர்கள். இலவசமாக நடத்துபவர்களுக்கு அரிசி, பருப்பு, சம்பளம் கொடுக்கவே நன்கொடை தேட வேண்டியிருக்கிறது. நன்கொடை கொடுப்பவர்கள் பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு போடுவார்கள், வேட்டி சேலை கொடுப்பார்கள். டயப்பர் வாங்கிக் கொடுக்கிறேன் என்று முன்வருபவர் மிகக் குறைவு, வாய்விட்டுக் கேட்க இல்லத்தாருக்கும் கூச்சம். கேட்கச் சொல்லுங்கள். உங்கள் அம்மா ஒருவர் மட்டும் இருக்க மாட்டார், அங்கே இன்னும் எட்டுப் பத்துப் பேருக்கு இதே தேவை இருக்கும். எல்லாருக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களின் பட்டியலில் பெரியவர்களுக்கான டயப்பரும் உண்டு, இருப்பு கேட்டுவிட்டுப் போங்கள். இடுப்பை டேப்பால் அளந்து அந்த அளவில் வாங்குங்கள். படுத்தே இருப்பவருக்கு ஜட்டி மாதிரி ஏற்றும் வகையை விடப் பக்கவாட்டில் ஒட்டும் வகையே வசதி, பெரும்பாலும் விலையும் குறைவு.

நீங்கள் வேலை செய்யும் ஓசூரிலேயே இன்னொரு வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருமானமோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதெதற்குச் செலவழிக்கலாம் என்ற பட்டியலில் முதியோர் இல்லங்களும் மூத்த குடிமக்களுக்கான வசதிகளும் பெயர் சொல்லியே இருக்கின்றன. தொழிற்சாலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. கட்டடம் கட்டிப் பெயர்ப்பலகை வைப்பதையே கம்பெனிகள் விரும்பும் என்பது உண்மைதான். துணி துவைக்கும் பெரிய எந்திரம் ஒன்று, கமோடு நாற்காலி பத்து, ஒரு வருடத்துக்கான டயப்பர் என்று கணக்கோடு இல்லம் கேட்டால் மறுப்பது கடினம். உங்கள் கம்பெனியின் மனிதவள அதிகாரியிடம் யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

இப்போது மனு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தர்மபுரி கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நீங்கள் தனியாகப் போவதை விட இல்ல நிர்வாகியும் கையெழுத்துப் போட்டால் எடை கூடும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இல்லத்தில் சிறுநீரோ மலமோ அடக்க முடியாதவர் எத்தனை பேர், மாதம் எத்தனை டயப்பர் தேவை, இப்போது எத்தனை கிடைக்கிறது, அதனால் எத்தனை பேருக்குப் புண் வந்திருக்கிறது என்று எண்ணாக எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், அவர்கள் மானம் காப்பாற்றப்பட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பார்த்து எழுதிய சான்றை இணையுங்கள். மாதம் ஒருமுறை செவிலியர் இல்லத்துக்கு வர உத்தரவிட வேண்டும், வயோஸ்ரீ முகாமில் இந்த இல்லத்தைச் சேர்க்க வேண்டும், கலெக்டரின் தன்விருப்ப நிதியிலிருந்தோ கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தோ டயப்பருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். கடைசியில், இதை மாநிலம் முழுவதற்குமான திட்டமாக்கும்படி சமூக நலத்துறைக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். அலைய முடியாவிட்டால் முதலமைச்சரின் உதவி எண் 1100, மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567 இரண்டிலும் பதிவு செய்யலாம். போனில் சொல்லும்போதும் ‘டயப்பர்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். இந்தச் சொல்லைச் சொல்லக் கூசித்தான் இத்தனை வருடம் இது யார் மேசைக்கும் போகவில்லை.

கூச்சம் என்றதும் உங்கள் அம்மா நினைவு வருகிறது. நான் வேலை பார்த்த வார்டு ஒன்றில் ஒரு பாட்டி இருந்தார். மகள் வரும் நாளில் மட்டும் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். மகள் உட்கார்ந்திருக்கும்போது நாற்றம் வந்துவிடுமோ என்ற பயம். அது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு மகள் வரும் நேரத்துக்கு அரை மணி முன்னால் நாங்களே உட்கார வைத்து, கழுவி, புதுத் துணி மாற்றிவிடுவோம். தண்ணீரும் குடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகும்போது முன்பக்கம் திறக்கும் நூல் நைட்டி இரண்டு, பழைய நூல் சேலைகள், அந்தக் களிம்பு, நோட்டு, பேனா எடுத்துப் போங்கள். மாற்றும்போது கட்டிலைச் சுற்றி ஒரு திரை மறைப்பு வேண்டும் என்று இல்லத்தில் கேளுங்கள், கயிறு கட்டிச் சேலை போட்டாலும் போதும். ஒருமுறை நீங்களே அம்மாவைச் சுத்தம் செய்து மாற்றிவிடுங்கள், தோல் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். மூன்று நாள் நோட்டுப் பக்கங்களையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு, இரவுக்கு எந்த வகை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சிஸ்டர்